பானையோட்டுக்கு மொய் நோட்டு

ஏலே, இங்க வா. திண்ணையில இரு. அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வை. என்ன படம் அது? குழிக்குள்ள குத்தவச்சி ஒரு கையில பிரஷ்ஷு, ஒரு கையில பானை, தலையில தொப்பி. முப்பத்திரண்டு பல்லும் தெரியுது. தொல்லியல் படிக்கப் போறேன்னு சொன்னே. நல்ல படிப்புதான், நான் குத்தம் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அந்தப் பானையைத் தூக்கினீயளே, பெறவு எங்க கொண்டுபோயி வச்சீய?

முழிக்கே பாரு.

“அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க தாத்தா.” எந்த ஆபீஸு? எந்த ரூமு? எந்த அலமாரி? பை மேல என்ன எழுதினே? எதை வச்சி எழுதினே? கூடக் கிடந்த எலும்பும் கரியும் அதே பெட்டிக்குள்ள போச்சா, வேற லாரியில ஏறிட்டா? ஒண்ணும் தெரியாது. போட்டோ மட்டும் அன்னிக்கே ஊரெல்லாம் சுத்தி வந்துட்டு.

தோண்டினவனுக்குப் பேரு உண்டு. பேப்பர்ல படம் உண்டு. மந்திரி வந்து கை குலுக்குவாரு. எடுத்ததைக் கழுவி, காய வச்சி, நம்பர் போட்டு, எலிக்கும் கரையானுக்கும் கொடுக்காமக் காத்தவனுக்கு என்னலே உண்டு? மாசம் பொறந்தா சம்பளம் வந்தாப் போதும்னு உக்காந்திருக்கான் அவன்.

இது நம்மூரு நோக்காடு மட்டும்னு நெனைச்சிராத. ஐரோப்பாக்காரனுக்கும் இதே சீக்குதான். ஆனா அவன் சும்மா இருப்பானா? மருந்து எழுத ஒரு கூட்டம் போட்டான். இங்கிலாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி, செக், சுவீடன், அங்க வடக்க பனிக்குள்ள கிடக்க ஐஸ்லாந்து, இப்படி ஏழெட்டு நாட்டு ஆளுவ. ஐரோப்பிய யூனியன் துட்டு. திட்டத்துக்கு ‘ஆர்ச்சஸ்’னு ஒரு பேரு. பேசுனாவ, எழுதுனாவ, அடிச்சாவ, திருத்துனாவ. 2014-ல புத்தகம் வந்துது. அகழாய்வுல கிடைச்ச பொருளையும் எழுதின குறிப்பையும் எப்படிச் சேத்து வைக்கணும், எப்படிக் காப்பாத்தணும், யாருகிட்ட ஒப்படைக்கணும்னு ஐரோப்பா முழுசுக்கும் ஒரே தரம், ஒரே வழிகாட்டி. ஐரோப்பியத் தொல்லியல் கவுன்சில்னு ஒரு சபை இருக்கு, அது போட்ட வழிகாட்டி வரிசையில முதல் புத்தகமே இதுதான். பெறவு அவனவன் பாஷையில மொழிபெயர்ப்பு வேற.

என் தங்கச்சி பேரன் இங்கிலாந்துல யார்க்குல படிக்கான். லீவுக்கு வந்தப்ப அச்சடிச்சிக் கொண்டுவந்து, “தாத்தா, இதைப் படிச்சிட்டுச் சிரிங்க”ன்னு தந்தான். நமக்கு அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷுதான். அகராதியைப் பக்கத்துல வச்சிக்கிட்டு, பைய பைய வாசிச்சேன். சிரிக்கத்தான் செஞ்சேன். எதுக்குச் சிரிச்சேன்னு சொல்லுதேன் கேளு.

முதல்ல சட்டம் மாதிரி ஒரு வாக்கியம். தோண்டி முடிச்ச எந்த வேலையா இருந்தாலும் கடைசியில மிஞ்சுதது மூணு குணத்தோட இருக்கணுமாம். கெட்டுப்போகாம நிலையா இருக்கணும். ஒழுங்கா அடுக்கியிருக்கணும். கேட்டவன் கைக்கு எட்டணும். அப்புறம் சொல்லுதாவ, பானை, எலும்பு, விதை, மண்ணு மாதிரி, உலைக்கழிவு, டைரி, படம், போட்டோ, கம்ப்யூட்டர் கோப்பு எல்லாம் சேந்ததுதான் ஒரு சேகரம், பிரிச்சிப் பாக்கப்படாதுன்னு. அதுக்குப் பெறவு பெரிய ஞானம் ஒண்ணு வருது. இந்தச் சேகரத்தைப் பத்தி தோண்டி முடிச்சிட்டு யோசிக்கக் கூடாது. திட்டம் போடும்போதே யோசிக்கணும். யாரு வாங்கி வைப்பா, எவ்வளவு இடம் வேணும், யாரு துட்டு தருவான்னு முன்கூட்டியே எழுதிரணும்.

அதாவது, பூமியில மம்பட்டி படுததுக்கு முன்னால, வாரதை எங்க வைக்கப் போறோம்னு நெனைக்கணுமாம். இதைச் சொல்ல ஐரோப்பா வேணுமாலே? எங்க ஆத்தா சொல்லுவாளே!

சரி, அதோட விட்டாவளா? இல்ல. இந்த மாதிரி வழிகாட்டிய பல நாட்டுல பல வந்திருக்கு. ஒவ்வொண்ணையும் பிரிச்சிப் பாத்தா ஒரே சாமான் பட்டியலுதான். ரப்பர் பேண்டு போடாத, அது இத்துப்போயி காகிதத்துல ஒட்டிக்கும். இரும்பு கிளிப்பும் ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம், துருப்பிடிக்கும். செல்லோ டேப்பு ஒட்டாத, மஞ்சளாப் போயி எழுத்தைத் தின்னுரும். அமிலம் இல்லாத அட்டைப் பெட்டி வாங்கு. குழியில வச்சிப் படம் வரையுததுன்னா கடினமான பென்சில்ல, கிழியாத பிளாஸ்டிக் தாள்ல வரை. மழை பேஞ்சாலும் அழியாது. இரும்புச் சாமான்னா காத்துப் புகாத டப்பாவுல ஈரம் உறிஞ்சுத சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வை, மறந்துராம அந்தப் பொட்டலத்தை மாத்து. பைக்கு மேலயும் எழுது, பைக்குள்ளயும் ஒரு சீட்டுப் போடு.

பெரிய பெரிய டாக்டர் பட்டம் வாங்கினவங்களுக்கு ரப்பர் பேண்டு போடாதன்னு பாடம் நடத்த வேண்டியிருக்கு. சிரிப்பு வருமா வராதா?

ஆனா ஒண்ணு. சிரிச்சி முடிச்சதும் எனக்கு வேற ஒரு ஞாபகம் வந்துட்டு. நம்ம வீட்டு மொய் நோட்டு. உங்க அப்பன் கல்யாணத்துக்கு மொய் எழுதினது நம்ம வாத்தியாரு. பக்கத்துல துட்டு வாங்க ஒருத்தன், சத்தம் போட்டுச் சொல்ல ஒருத்தன். வாத்தியாரு சும்மா ‘முருகன் ஐம்பது’ன்னு எழுதுவாரா? மாட்டாரு. “எந்த முருகன்யா? எந்த ஊரு? அப்பா பேரு?” கேட்டுட்டுத்தான் பேனாவை வைப்பாரு. ஏன்? இந்த வட்டாரத்துல கல்லைத் தூக்கி எறிஞ்சா ஒரு முருகன் தலையிலதான் விழும். ஊரும் அப்பன் பேரும் இல்லாத மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாது. பந்தி முடிஞ்சி, எல்லாரும் போன பெறவு, நிதானமா ஞாபகப்படுத்தி எழுதிக்கலாம்னா நடக்குமா? நடக்காது. அந்த இடத்துல, அந்த நேரத்துல எழுதினாத்தான் உண்டு. வாத்தியாரு செத்துப்போனாரு. எழுத வச்ச உங்க தாத்தனும் போயிட்டாரு. இன்னிக்கும் நீ அந்த நோட்டைப் பிரிச்சா, யாரு வீட்டுக்கு எவ்வளவு செய்யணும்னு தெரியுதா இல்லையா?

பானையோடும் அதேதான்லே. எந்தக் குழி, எந்த அடுக்கு, எத்தனை அடி ஆழம், கூட என்ன கிடந்துது. அது இல்லாத ஓடு வெறும் ஊரு பேரு தெரியாத முருகன். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிப் பாக்கலாம். வேற ஒரு பிரயோசனமும் கிடையாது.

நம்ம பக்கத்துப் பரம்பையே எடுத்துக்க. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. தாமிரபரணிக் கரையில மேடா, கல்லும் கருவேலமுமா கிடக்கும், நீ சின்னப் புள்ளையில பாத்திருப்பே. 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரரு வந்தாரு. தோண்டினாரு. எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோயிட்டாரு. பெறவு அலெக்சாந்தர் ரீன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை, இருபதாம் நூற்றாண்டு தொடங்குத சமயத்துல சில வருசம் தோண்டினாரு. அந்தச் சாமான் எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. அவரு பட்டியல் போட்டுப் புத்தகமாவும் வந்துது, 1915-ல. அப்புறம் சத்தமே இல்ல. 2004-லயும் 2005-லயும் மத்தியத் தொல்லியல் துறை வந்து தோண்டுச்சி. அந்த அறிக்கை வெளிய வர பதினஞ்சு வருசம் போல ஆச்சு. ஐகோர்ட்டு மதுரைக் கிளை என்ன ஆச்சுன்னு கேட்ட பெறவுதான் வேகம் பிடிச்சுது.

இப்ப நீ கணக்குப் போடு. ஒரே பரம்பு. ஒரே ஊர்க்காரன் புதைச்ச தாழி. சாமான் கொஞ்சம் பெர்லின்ல, கொஞ்சம் எழும்பூர்ல, கொஞ்சம் வேற வேற கிட்டங்கியில. நாளைக்கு நீ உக்காந்து எல்லாத்தையும் சேத்துவச்சிப் பாக்கணும். பெர்லின்காரன் ஒரு மாதிரி நம்பர் போட்டிருப்பான். எழும்பூர்க்காரன் ஒரு மாதிரி. ஒருத்தன் அடியில அளந்திருப்பான், ஒருத்தன் மீட்டர்ல. ஒருத்தன் ‘மூடி’ன்னு எழுதினதை இன்னொருத்தன் ‘தட்டு’ன்னு எழுதியிருப்பான். அவிய தோண்டின காலத்துல யாருக்கும் அது தோணல, விட்டுரு. இன்னிக்கு உனக்குத் தோணலேன்னா அது உன் குத்தம்.

நாடு விட்டு நாடு பொதுத் தரம் என்னத்துக்குன்னு கேட்டேலா? இதுக்குத்தான்.

ஐரோப்பாவுல இந்தத் தொல்லை திடீர்னு பெருசானதுக்கு ஒரு கதை உண்டு. 1992-ல மால்டா தீவுல வல்லெட்டான்னு ஒரு பட்டணத்துல கூடி ஒரு ஒப்பந்தம் போட்டாவ. ரோடு போடுதவன், மாளிகை கட்டுதவன், ரயில் பாதை வெட்டுதவன், எவன் பூமியைக் கிளறுதானோ அவனே அதுக்கு முன்னால நடக்க அகழாய்வுக்குச் செலவு ஏத்துக்கிடணும். நல்ல ஒப்பந்தம்தான். ஆனா என்ன ஆச்சு? முன்னால புரொஃபசர் ஒருத்தர் கோடை லீவுல நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுத் தோண்டுவாரு. இப்ப கம்பெனி கம்பெனியாத் தோண்டுதாவ. கட்டடம் எழும்புத வேகத்துக்குப் பெட்டியும் எழும்புது. கட்டுதவன் தோண்டக் காசு தருவான், அறிக்கை எழுதக் காசு தருவான். அதை நூறு வருசம் வைக்கக் காசு கேட்டா, “நான் போய் மியூசியமா நடத்துதேன்?”ங்கான். ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பாக்கான்.

அதுல பாரு, பொருள் யாருக்குச் சொந்தம்ங்கதே நாட்டுக்கு நாடு வேற. இங்கிலாந்துல தங்கம் வெள்ளிப் புதையல் மாதிரி சட்டத்துக்குள்ள வாரதைத் தவிர, மத்ததெல்லாம் நிலத்துக்காரனுக்குச் சொந்தம். அவன் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாத்தான் மியூசியம் வாங்கும். கட்டடம் முடிஞ்சி, நிலம் மூணு கை மாறின பெறவு கையெழுத்துக்கு அலைஞ்சா கிடைக்குமா? நெதர்லாந்துல அந்தப் பேச்சே இல்ல. அங்க மாகாணத்துக்கு மாகாணம் கிட்டங்கி உண்டு, பொருளும் பொதுச் சொத்து. ஜெர்மனி ஒரே நாடுதான், ஆனா பதினாறு மாநிலம், மாநிலத்துக்கு ஒரு சட்டம். இந்தக் கூட்டத்தைப் பிடிச்சி ஒரே வாக்கியத்துக்கு ‘சரி’ சொல்ல வச்சாவளே, அதுக்கு ஒரு சால்வை போத்தலாம்.

இன்னொரு கூத்து காலக் கணக்கு. இரும்புக் காலம்னு சொன்னா எப்ப? இங்கிலாந்துக்காரனுக்கு அது கி.பி. 43-ல, ரோமாபுரிப் படை வந்து இறங்கின அன்னிக்கு முடிஞ்சுபோச்சு. சுவீடன்காரனுக்கு அதுக்குப் பெறவும் ஆயிரம் வருசம், வைக்கிங் கொள்ளைக்காரன் காலம் வரைக்கும் இரும்புக் காலந்தான். நம்ம பக்கத்துச் சிவகளையில கிடைச்ச இரும்பு கி.மு. 3345 வரைக்கும் போவுதுன்னு 2025 ஜனவரியில தமிழ்நாடு அரசு அறிக்கை விட்டுது. இப்ப நீ கம்ப்யூட்டர்ல ‘இரும்புக் காலப் பானை’ன்னு தட்டினா என்ன வரும்? கத்திரிக்காயும் கருவாடும் ஒரே கூடையில வரும். அதுக்கும் ஒரு வழி பண்ணியிருக்காவ. காலத்துக்குப் பேரை மட்டும் எழுதாத. எந்த ஊர்ல, யாரு கணக்குல, எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும்னு சேத்து எழுதுன்னு ஒரு பொதுப் பதிவேடு, ‘பீரியோடோ’ன்னு பேரு. எந்த முருகன், எந்த ஊரு. வாத்தியாரு கேட்ட அதே கேள்விதான்.

பெட்டி கதை இப்படின்னா கம்ப்யூட்டர் கதை இதைவிட மோசம். உன்னைப் போல பயலுவளுக்கு அதுல ஏறி உக்காந்தா கீழ இறங்கத் தெரியாது. “எல்லாம் டிஜிட்டல் தாத்தா, அழியவே அழியாது.” அப்படியா? லண்டனுக்குக் கிழக்க நியூஹாம்னு ஒரு பகுதி. அங்க மியூசியத்துக்குன்னு ஒரு தொல்லியல் பிரிவு இருந்துது. தோண்டினாவ, எல்லாத்தையும் நாகரிகமாக் கம்ப்யூட்டர்ல ஏத்துனாவ. 1998-ல அந்தப் பிரிவை மூடிட்டாவ. ஆளுவ வேற வேலைக்குப் போயிட்டாவ. யார்க் பல்கலைக்கழகத்துல ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ்னு ஒண்ணு 1996-ல இருந்து இருக்கு, கம்ப்யூட்டர் கோப்பைக் காப்பாத்துததே அதுக்குச் சோலி. அவிய கையில வந்து விழுந்துது ஒரு சரக்கு. இருநூத்துக்கு மேல பிளாப்பி டிஸ்கு.

நீ பிளாப்பி பாத்திருக்கியாலே? உங்க அப்பன் சதுரமா கறுப்பா ஒண்ணு வச்சிருப்பான், கேளு. இப்ப அது டீ டம்ளர் வைக்கத்தான் உதவும்.

அந்த டிஸ்க்குல சிலது படிக்கவே இல்ல. சிலது படிச்சிச்சி, ஆனா எழுதின மென்பொருள் செத்துப்போச்சு. சிலது தொறந்துது, ஆனா உள்ள இருக்க சுருக்கெழுத்துக் குறிக்கு அர்த்தம் யாருக்கும் தெரியல. எழுதினவன்கிட்டக் கேக்கலாம்னா அவன் எங்க போனானோ! களத்துல குறிப்பெழுதினவன் மனசுக்குள்ள ‘க’ன்னா கரின்னு வச்சிருந்தானோ, களிமண்ணுன்னு வச்சிருந்தானோ, ஆரு கண்டா? முடிஞ்சதை மீட்டாவ. முடியாதது போச்சு. ஆயிரத்தெண்ணூறு வருசம் மண்ணுக்குள்ள கிடந்த ஓடு பத்திரமா இருக்கு. அதைப் பத்தி எழுதின கோப்பு பத்து வருசம் தாங்கல. இதுக்குப் பேருதான் அழியாததாம்.

அதுல இருந்துதான் சில விதி வந்துது. ஒரு கம்பெனியை மட்டும் நம்பின வடிவத்துல வச்சிக்காத. அட்டவணைன்னா எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கக்கூடிய வெறும் எழுத்தா வை. படம்னா டிஃப்பு, எழுத்துன்னா நீண்ட நாள் வைக்கதுக்குன்னே இருக்க பி.டி.எஃப்-ஏ. ஒவ்வொரு கோப்புக்கும் கூடவே ஒரு சீட்டு: இது என்ன, யாரு செஞ்சா, எப்ப, எந்த மென்பொருள், சுருக்கெழுத்துக்கு விளக்கம் என்ன. அந்த யார்க் சர்வீஸ்ல கோப்பை டெபாசிட் பண்ணும்போதே ஒரு தடவை கட்டணத்தை வாங்கிப்புடுதாவ. நெதர்லாந்துல இன்னும் ஒரு படி மேல போயி, தோண்டினவன் கோப்பைத் தேசியக் காப்பகத்துல சேக்கலேன்னா வேலை முடிஞ்சதாவே கணக்கு இல்லன்னு வச்சிட்டாவ. அது நல்ல கொள்கை. பந்தியில பாதியில எழும்பிப் போறவனுக்குத் தாம்பூலம் கிடையாது.

இடத்துக்கு வருவோம். இங்கிலாந்துல 2012-ல ஒரு கணக்கெடுத்தாவ. தோண்டி முடிச்சி, மூட்டை கட்டி, வாங்கிக்கிட மியூசியம் இல்லாம கம்பெனிக்காரன் கொட்டகையில கிடக்க சேகரம் ஒன்பதாயிரம் வாக்கில. பெட்டி இல்லலே, சேகரம். ஒவ்வொண்ணுக்குள்ளயும் எத்தனை பெட்டியோ. மியூசியத்துல ‘இடம் இல்ல’ன்னு போர்டு தொங்குது. சில மியூசியத்துல வாங்கிப் பாக்க ஆளே இல்ல. கட்டுதவனுக்குக் கட்டடம் ஆச்சு, தோண்டினவனுக்கு பில்லு பாஸ் ஆச்சு, பெட்டிக்குத்தான் போக்கிடம் இல்ல.

கேம்பிரிட்ஜ்ஷயர்க்காரன் என்ன பண்ணினான் தெரியுமா? செஷயர்ல வின்ஸ்ஃபோர்டுன்னு ஒரு ஊரு. அங்க ஒரு உப்புச் சுரங்கம். இன்னிக்கும் உப்பு வெட்டுதாவ. வெட்டி முடிச்ச பகுதி பெரிய பெரிய மண்டபம் மாதிரி கிடக்கு, நூத்தம்பது மீட்டர் ஆழத்துல. ஈரம் கிடையாது, வெயில் கிடையாது, வருசம் முச்சூடும் ஒரே சூடு. அதை வாடகைக்கு எடுத்து பெட்டி பெட்டியா இறக்கிட்டான். பூமிக்கடியில பத்தடி ஆழத்துல நிம்மதியாக் கிடந்த பானை. அதைக் கஷ்டப்பட்டு வெளிய எடுத்து, கழுவி, நம்பர் போட்டு, இப்ப ஐந்நூறு அடி ஆழத்துல திரும்பப் புதைச்சிட்டாவ. கூலியும் கொடுத்து! நான் இதைச் சொன்னா எங்க சோட்டு ஆளுவ டீக்கடையில விழுந்து விழுந்து சிரிக்கான். ஆனா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முதல் தடவை புதைச்சவன் எங்க புதைச்சான்னு யாருக்கும் தெரியாது. இப்ப எந்த அலமாரி, எந்தப் பெட்டின்னு கேட்டா மேல கொண்டுவந்து தருவான்.

லண்டன்காரன் கொஞ்சம் வசதி. மியூசியத்துக்குன்னு ஹாக்னி பக்கம் பெரிய கிட்டங்கி, 2002-ல தொறந்தாவ. எண்ணாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அகழாய்வோட சேகரம் அங்க. உலகத்துலயே பெரிய தொல்லியல் சேகரம்னு கின்னஸ்காரன் சீட்டுக் கொடுத்திருக்கான். இதுக்கும் கின்னஸு! நீளமான நகம் வளத்தவன் பக்கத்துல பானையோடு. அந்தக் கட்டடத்துக்குப் பேரு என்ன தெரியுமா? மார்ட்டிமர் வீலர் ஹவுஸ்.

வீலர்னதும் காது நிமிருதே. ஆமா, அவரேதான். நம்ம அரிக்கமேடு வீலர். 1944-ல இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவரா வந்தாரு. வந்த கொஞ்ச நாள்ல மெட்ராஸ் மியூசியத்துக்குப் போனாரு. ஒரு அலமாரியைத் தொறந்து, தூசிக்குள்ள கையை விட்டுத் துழாவினா, நீளமான ஒரு மண்பாண்டக் கழுத்து வந்துது. கைப்பிடியோட. ரோமாபுரிக்காரன் ஒயின் ஊத்திக் கப்பல்ல ஏத்துத ஆம்போரா ஜாடி. அவருக்கு ஆச்சரியம். இது எங்க உள்ளதுன்னு கேட்டாரு. பாண்டிச்சேரிக்குத் தெக்க அரிக்கமேடுன்னு பதில் வந்துது. அங்க பிரெஞ்சுக்காரங்க ஏற்கெனவே தோண்டியிருந்தாவ. பாண்டிச்சேரிக்குப் போயி அவிய வச்சிருந்ததைப் பாத்தா, இத்தாலியில அரெஸ்ஸோ பக்கத்துச் சிவப்புப் பாண்டத்தோட ஓடு. ரோம் நாட்டுல அதுக்கு வருசம் நல்லாத் தெரியும். 1945-ல அரிக்கமேட்டுல இறங்கினாரு. கூடக் கிடந்த நம்மூர்ப் பானைக்கெல்லாம் அதை வச்சிக் காலம் குறிச்சாரு. தெக்கத்தித் தொல்லியலுக்கு ஒரு பிடிமானம் கிடைச்சது அப்பதான். அவரே தன் வாழ்க்கைக் கதையில இந்த அலமாரி விசயத்தை எழுதியிருக்காரு.

இப்பச் சொல்லு. அரிக்கமேடு எங்க கண்டுபிடிக்கப்பட்டுது? மண்ணுலயா, அலமாரியிலயா?

அலமாரின்னே வச்சிக்குவோம். ஆனா “எங்க உள்ளது”ன்னு துரை கேட்டப்ப, அங்க நின்னவனுக்குப் பதில் தெரிஞ்சிருந்துது. அது தெரியலேன்னா? துரை தூசியைத் தட்டிட்டு, ஜாடியைத் திருப்பி வச்சிட்டு, சாப்பிடப் போயிருப்பாரு. தூசி படிஞ்சிருக்கலாம்லே, தப்பில்ல. ஊரு பேரு அழியப்படாது. வீலர் ரொம்பக் கறாரு, மீசையும் அப்படி, பேச்சும் அப்படி. ஆனா ஒரு கட்டடத்துக்கு அவரு பேரை வச்சி அதுக்குள்ள அலமாரியா நிரப்பினான் பாரு, எவனோ நல்ல நையாண்டிக்காரன்.

லண்டன்காரன் போடுத நம்பர் எனக்குப் பிடிச்சிருக்கு. எந்த இடத்துல தோண்டினாலும் மூணு எழுத்து, கூட ரெண்டு இலக்கம் வருசத்துக்கு. அவ்வளவுதான். ஓட்டுல எழுதலாம், பையில எழுதலாம், படத்துல, டைரியில, கோப்புல, எல்லாத்துலயும் அதே அஞ்சு எழுத்து. ப்ளூம்பெர்க்னு ஒரு பெரிய கம்பெனி லண்டன் நடுவுல கட்டடம் கட்டுச்சி. அதுக்கு முன்னால 2010-ல தொடங்கித் தோண்டினாவ. அந்த இடத்துக்குப் பேரு பி.இசட்.ஒய். 10. வால்புரூக்னு ஒரு பழைய ஓடை அங்க ஓடியிருக்கு, இப்ப மண்ணுக்குள்ள. அந்தச் சகதியில காத்துப் புகாம மரச்சாமானெல்லாம் அழுகாமக் கிடந்துது. அதுல நானூத்துக்கு மேல மர ஏடு. நடுவுல குழிச்சி, மெழுகு பூசி, கம்பியால எழுதுத ஏடு. மெழுகு போச்சு, கம்பி மரத்துல கீறின தடம் மட்டும் இருக்கு. டாம்லின்னு ஒரு பெரியவரு விளக்கைச் சாய்ச்சிச் சாய்ச்சிப் பிடிச்சி வாசிச்சிருக்காரு. 2016-ல புத்தகம் வந்துது.

அதுல ஒரு ஏட்டுல தேதி இருக்கு. கி.பி. 57, ஜனவரி 8. இங்கிலாந்துல கிடைச்சதுலயே தேதி போட்ட பழைய கையெழுத்து ஏடு அதுதான். என்ன எழுதியிருக்கும்ங்கே? ராஜா கதையா? சாமி பாட்டா? கடன் பத்திரம்லே, கடன் பத்திரம்! திபுல்லுஸ்னு ஒருத்தன், வெனுஸ்துஸ்ங்கவன்கிட்ட அடிமையா இருந்து விடுதலையானவன். கிராதுஸ்னு ஒருத்தன், ஸ்புரியுஸ்ங்கவன்கிட்ட இருந்து விடுதலையானவன். திபுல்லுஸ் கிராதுஸுக்கு 105 தினாரி தரணும். சரக்கு வாங்கின வகையில. சரக்கு வந்து சேந்துட்டு.

பாத்தியா அந்த ஆளை? யாரு, யாரோட ஆளு, யாருக்கு, எவ்வளவு, எதுக்கு, என்னிக்கு. ஒண்ணு விடல. நம்ம வாத்தியாரு பக்கத்துல உக்காந்து எழுத வச்ச மாதிரி இருக்கு. எந்த ஆர்ச்சஸும் எந்தக் கவுன்சிலும் அவனுக்குப் பாடம் நடத்தல. துட்டு விசயம்னா மனுசனுக்கு வழிகாட்டி வேண்டாம் போலிருக்கு.

அந்தத் துட்டை அவன் திருப்பிக் கொடுத்தானா இல்லையான்னுதான் எனக்கு ஒரே யோசனை. யார்க்குப் பயகிட்டக் கேட்டேன். “ரசீது இன்னும் அம்புடல தாத்தா”ங்கான். அம்புடலையோ, அம்புட்டு ஏதாவது கொட்டகையில நம்பர் இல்லாம ரப்பர் பேண்டு போட்டுக் கிடக்கோ, நீ என்ன நெனைக்கே?